வீடு பூஜ்யம், ஆலை ஆறு

கதவு என்றுதான் எழுதியிருக்கிறது. நான்கு முறை படித்துவிட்டேன், ஐந்தாவது முறை படித்தாலும் கதவுதான். டாக்டர் கிஷோரின் கையெழுத்தில் மற்றதெல்லாம் கோழி கிளறியது போலக் கிடக்க, இந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. இடது நடுவிரல், நுனி எலும்பு நொறுங்கல், நகப்படுகை கிழிசல், வீட்டில் கதவில் சிக்கியதாகச் சொல்கிறார். சொல்கிறவர் கோகிலவாணி, வயது முப்பத்துநான்கு, நேற்று காலை பத்து நாற்பதுக்கு அவசரப் பிரிவுக்கு வந்தவர். நேற்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு வீட்டுக் கதவில் விரலைக் கொடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தது யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன், எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் அதைத்தான் படிப்பேன், முப்பது வருஷமாக அப்படித்தான். கூட வந்தவர் பெயர், நாகமாணிக்கம். நோயாளிக்கு என்ன உறவு, மேனேஜர். புருஷன் இல்லை, அண்ணன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, மேனேஜர். கையெழுத்துக்குக் கீழே கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்பைக் கூடக் குத்தியிருக்கிறார், எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் குத்திப் பழகிய கை. அந்தக் கம்பெனிப் பெயரின் முதல் எழுத்து கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. மேஜை மேல் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. என் உள்ளங்கை வேர்க்கிறது. இந்த அறையில் யாருக்கும் வேர்க்காது, கோப்புகளுக்காகவும் கம்ப்யூட்டர்களுக்காகவும் குளிர வைத்திருக்கிற அறை, தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாமல்.

டாக்டர்கள் எழுதுவதை எண்ணாக்குவதுதான் எங்கள் பிரிவின் வேலை. மேலே ஒருவன் கத்திய கத்தல் கீழே வரும்போது ஓர் எழுத்தும் சில இலக்கங்களும்தான். விரல் எலும்பு முறிவுக்கு எஸ் அறுபத்திரண்டு புள்ளி ஆறு. அதன் வாலில், காயம் மூடியிருந்தால் பூஜ்யம், திறந்திருந்தால் ஒன்று. நகத்துக்கு அடியில் கிழிந்திருந்தால் அதுவும் திறந்த முறிவுதான், புதிதாக வருகிறவர்கள் மேலே நகம் இருக்கிறதே என்று பூஜ்யம் போட்டுவிடுவார்கள், நான் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். அப்புறம் இரண்டாவது எண், எப்படி அடிபட்டது. அதன் கடைசி இலக்கம், எங்கே அடிபட்டது. வீடு பூஜ்யம், பள்ளிக்கூடம் இரண்டு, தெரு நான்கு, ஆலை ஆறு, வயல் ஏழு. மனிதன் அடிபடக்கூடிய இடங்களையெல்லாம் பத்து இலக்கத்துக்குள் அடக்கிவிட்டார்கள். பூஜ்யம் போட்டால் இந்தக் கோப்பு இப்படியே மூடி அலமாரிக்குப் போய்விடும், வீட்டுக் கதவு மேல் யார் என்ன கேள்வி கேட்க முடியும். ஆறு என்றால் மூடாது. ஆறு என்றால் டாக்டர் விபத்துப் பதிவேட்டை எடுத்து எழுத வேண்டும், எழுதினால் நகல் போலீசுக்குப் போகும், அங்கிருந்து தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போகும், அவர் வந்து எந்த மிஷின், கைக்குத் தடுப்பு இருந்ததா, யார் பொறுப்பு என்று கேட்பார். யார் பொறுப்பு. இந்த இரண்டு சொல்லை யாராவது நாகமாணிக்கத்தின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், வேறு என்ன கேட்டேன் இந்த வாழ்க்கையில். ஆனால் டாக்டர் எழுதாமல் நான் ஆறு போட முடியாது. எழுதாதது நடக்காதது, இதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

எழுதியதெல்லாம் நடந்ததா என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. தொண்ணூறாம் வருஷம், எனக்கு இருபது வயது, வலது ஆட்காட்டி விரல். மோட்டார் பம்புக்குத் தகடு வெட்டுகிற பவர் பிரஸ், காலால் மிதித்தால் மேலிருந்து டை, அந்த வெட்டு அச்சு, இறங்கும். தகட்டை வைத்து, கையை எடுத்து, மிதிக்க வேண்டும், வைத்து, எடுத்து, மிதிக்க வேண்டும், ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம் முறை. கைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு, கார்டு என்போம். கார்டு இருந்தால் எண்ணிக்கை வராது. கழட்டிப்போட்டு ஓட்டு கண்ணு என்றார் சூப்பர்வைசர் நாகமாணிக்கம். சொன்னாரா. சொன்னார் என்றுதான் முப்பத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்தக் குரல் சில நாள் இடது பக்கமிருந்து வருகிறது, சில நாள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது, சில நாள் ஸ்பேனர் என் கையிலேயே இருக்கிறது, அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறார். பார்த்துக்கொண்டு நின்றது நிச்சயம். ஆட்டோ நிச்சயம். ஆவாரம்பாளையம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது, என் கையைத் தன் துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பிடித்திருந்தார், கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் காதுப் பக்கம் குனிந்து, “கண்ணு, வீட்டுக் கதவுல நசுங்கிப்போச்சுன்னு சொல்லிப்போடு. மிசினுன்னு சொன்னீன்னா கேசு அது இதுன்னு உன்னையத்தான் இழுத்தடிப்பாங்க. நான் பாத்துக்கறேன்.” சொன்னேன். டாக்டர் எழுதினார். எங்கள் வீட்டுக்குக் கதவே கிடையாது, தென்னந்தட்டிதான், நாய் வந்தால் கட்டி வைப்போம். எதிர்வீட்டு வாத்தியார் சீட்டைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டாள், “எந்தக் கதவுடா?” மறுபடியும் கேட்டாள், “நம்மூட்டுக்கு ஏதுடா கதவு?” அவள் சாகிற வரைக்கும் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. நாகமாணிக்கம் ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கி வந்து பார்த்தார், கட்டைப் பிரிக்கிற நாளில் கூட வந்து நின்றார், மூன்று மாதம் கழித்துக் கை மெதுவாக ஓடுகிறது என்று வேலையிலிருந்து நிறுத்தினார். யாரிடம் போய் நிற்பேன், எதைக் காட்டுவேன், கதவு என்று எழுதிய சீட்டையா. அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்த ஆரஞ்சைத்தான் மறக்க முடியவில்லை, நான் தின்றேன், பன்னிரண்டையும் தின்றேன்.

“வையாபுரி சார், அந்த விரலை வச்சுட்டு அரை மணி நேரமா அடை காக்கறீங்க. குஞ்சு பொரிச்சிருமாட்ட இருக்குது.” பக்கத்து மேஜை சுகந்தி. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள், இப்போது என்னைவிட வேகம். டிஸ்சார்ஜ் கவுண்டரில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்களாம். நான் நர்ஸ் குறிப்பை அவள் பக்கம் திருப்புகிறேன். நகக்கண்ணில் கிரீஸ், இரும்புத்தூள், கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது. “இதைப் பாரு. கதவுல எங்க இருந்து வரும் கிரீஸ்?” அவள் பார்க்கிறாள். “கீலுக்குப் போட்டிருப்பாங்க.” “இரும்புத்தூள்?” “இரும்புக் கதவு.” “உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்குது.” “சும்மாவா சார், நீங்க சொல்லிக் குடுத்ததுதானே, நாமளா எதையும் நெனச்சுக்கக் கூடாதுன்னு.” சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பை இழுத்துக்கொள்கிறாள். அவள் சொல்வது சரி. விரல் நுனியை அதிகம் நசுக்குவது உலகத்தில் கதவுதான், படித்திருக்கிறேன், நானே ஆயிரம் கதவுக்கு எண் போட்டிருக்கிறேன், கார்க் கதவு, பாத்ரூம் கதவு, பீரோக் கதவு. ஒருவேளை இதுவும் கதவாக இருக்கலாம். விடுமுறை எடுத்திருக்கலாம், அவசரத்தில் சாத்தியிருக்கலாம், புருஷன் ஊரில் இல்லாமல் மேனேஜருக்கு போன் செய்திருக்கலாம். அப்படி இருந்துவிடக் கூடாதே என்று மனசு கிடந்து வேண்டுகிறது, அதைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒருத்தியின் விரல் மிஷினில் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவன் என்ன மனுஷன். விவரம் சரிபார்க்க வேண்டும் என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டுக் கோப்போடு எழுந்திருக்கிறேன். லிஃப்டில் போகாமல் படியில் ஏறுகிறேன். நாகமாணிக்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யோசிக்க நேரம் வேண்டும். முகத்தைப் பார்த்ததும் நடுங்குவார், பேர் சொல்லித் தடுமாறுவார், மூன்றாவது மாடி வருவதற்குள் அவரை இரண்டு முறை அழ வைத்துவிட்டேன்.

இத்தனை சின்ன ஆளா. ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தோள் என் தலைக்கு மேல் இருந்தது, இப்போது கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒடுங்கி, இளநீரில் ஸ்ட்ரா போட்டு அவளுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இளநீர். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார், என் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டைக்காக எழுந்து நிற்கிறார், “வாங்க சார், உக்காருங்க.” தெரியவில்லை. என் முகம் அவருக்குத் தெரியவில்லை. “நம்ம அம்மிணி தங்கமுங்க சார். எட்டு வருசமா நம்மகிட்டதான் இருக்குது. ஊட்டுல அவசரமாக் கதவைச் சாத்தியிருக்குது, விரலு மாட்டிக்கிச்சு. போன் வந்ததுமே நான்தான் வண்டியெடுத்துட்டு ஓடினேன், சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் விட்டுட முடியுங்களா?” பேசிக்கொண்டே இருக்கிறார், பேச்சுக்கு நடுவில் யாரும் நுழைய இடம் கொடுக்காத பேச்சு, அதுவும் மாறவில்லை. கோகிலவாணி இடது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருக்கிறாள், கட்டுக்கு வெளியே நடுவிரல் நுனியில், எலும்பைப் பிடிக்கச் செருகிய கம்பி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. “எந்தக் கதவும்மா?” என்று கேட்கிறேன், கேட்ட பிறகுதான் அது அம்மாவின் கேள்வி என்று தெரிகிறது. “வீட்டுக் கதவுதானுங்க.” “மரமா, இரும்பா?” அவரைப் பார்க்கிறாள். “தகரமுங்க.” “முன்கதவா, பின்கதவா?” “எங்களுக்கு ஒரு கதவுதானுங்க.” எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நாகமாணிக்கம் சிரிக்கிறார். “சார் போலீசுல இருந்திருக்கோணும்.” நான் விவரப் படிவத்தைப் பலகையில் வைத்து அவரிடம் நீட்டுகிறேன், இங்கே ஒரு கையெழுத்து என்று இடத்தைக் காட்டுகிறேன், காட்டுவதற்கு நீள்வது அந்த விரல்தான், முதல் கணுவோடு முடிந்துபோன விரல், வேண்டுமென்றே நீட்டினேனா பழக்கத்தில் நீட்டினேனா. அவர் காகிதத்தை விட்டுவிட்டு விரலைப் பார்க்கிறார். “அடடா. இது எப்படிங்க ஆச்சு?” முப்பத்தைந்து வருஷம் இந்தக் கேள்விக்காக. வாய் திறக்கிறது. “கதவுங்க,” என்று சொல்கிறது. நான் சொல்லவில்லை, வாய் சொல்கிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்ன வாய், மகள் கேட்டபோது சொன்ன வாய், வேலைக்குச் சேரும்போது சொன்ன வாய். அவர் தலையை ஆட்டுகிறார். “கதவு பொல்லாததுங்க,” என்கிறார். அப்போதுதான் கோகிலவாணி முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

கதவு பொல்லாததுங்க. எந்தப் படியில் இறங்கினேன், எத்தனை படி இறங்கினேன், ஒன்றும் நினைவில்லை, கதவு பொல்லாததுங்க. தெரிந்து சொன்னாரா. தெரிந்து சொல்லியிருந்தால் அந்த வாயை, இல்லை, தெரிந்து சொல்லியிருந்தால் கண் எங்கேயாவது ஒரு கணம் நின்றிருக்கும், நிற்கவில்லை. அப்படியானால் தெரியாமல் சொல்லியிருக்கிறார். அது இன்னும் மோசம். தன் கையாலேயே செய்த பொய்யை முப்பத்தைந்து வருஷம் கழித்து வேறொருவன் வாயிலிருந்து கேட்டு, நம்பி, அனுதாபப்பட்டுவிட்டுப் போகிறார். அவருடைய பொய்க்கு என்னைவிட நல்ல காவல்காரன் கிடைக்க மாட்டான். ஆட்காட்டி விரல் என்று யார் பெயர் வைத்தார்களோ. ஆளைக் காட்டுகிற விரல். காட்டிக்கொடுக்கிறவனையும் ஆள்காட்டி என்றுதான் சொல்கிறார்கள். என்னுடையதில் ஆளைக் காட்டுகிற நுனியை மட்டும் வெட்டிக்கொண்டு போய்விட்டது அந்த மிஷின், மடக்கி மறைத்துக்கொள்வதற்கு மீதியை விட்டுவிட்டது. அவள் பார்த்த பார்வை. பாவம் என்று பார்க்கவில்லை. ஓ, நீயுமா என்று பார்த்தாள். இந்தப் பொய்யைச் சொன்னால் ஐம்பத்தைந்து வயதில் எப்படி இருப்போம் என்று பார்த்துக்கொண்டாள், அப்படித்தான் இருந்தது. இனி அவளுக்கும் ஒரு நாள் கை மெதுவாக ஓடும், நிறுத்துவார்கள், கதவு என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த மிஷினில் கார்டு இல்லாமல் இன்றைக்குக் காலையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். சரி, இது நியாயமான கோபம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்குள் கொதிப்பது அது இல்லை. எனக்கு அவர் கை கூப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆய்வாளர் நாற்காலியில் இருக்க வேண்டும், நாகமாணிக்கம் நிற்க வேண்டும், இளநீர் வாங்கிய கையால் கும்பிட வேண்டும், நான் அப்போது ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் டாக்டருக்கு ஒரு மஞ்சள் சீட்டு அனுப்பலாம், அது எங்கள் அதிகாரம், அது ஒன்றுதான் எங்கள் அதிகாரம். கேள்வி மட்டும் கேட்கலாம், பதிலை ஊட்டக் கூடாது. சீட்டை எடுத்து எழுதுகிறேன். அப்படி ஒரு கையெழுத்தில் நான் எழுதி வருஷக்கணக்காகிறது, எழுத்தெல்லாம் நேராக நிற்கிறது. நோயாளி கோகிலவாணி, வலது ஆட்காட்டி விரல் நுனி எலும்பு முறிவு, நகக்கண்ணில் கிரீஸ், இரும்புத்தூள் இருந்ததாக நர்ஸ் குறிப்பு, காயம் ஏற்பட்ட இடம் வீடா ஆலையா என்று நோயாளியைத் தனியே கேட்டுத் தெளிவுபடுத்தவும். கையெழுத்துப் போட்டு, நேரம் போட்டு, மாடிகளுக்குக் காகிதம் கொண்டுபோகிற காற்றுக் குழாயில் போட்டு பட்டனை அழுத்துகிறேன், காற்று உறிஞ்சிக்கொண்டு மேலே போகிறது. போய்விட்டது. “என்ன சார், சீட்டு அனுப்பிட்டீங்களா?” சுகந்தி இப்போது சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?” “கேட்டேன்.” “என்ன சொல்லுச்சு?” “கதவு.” “அப்புறம் எதுக்கு சார் சீட்டு?” கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தபோது, ஆறு என்ற இலக்கம் வலது ஆட்காட்டி விரலுக்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள், நான் நடுவிரலால் அடிக்கப் பழகிக்கொண்டேன், இன்றைக்கும் ஆறு வரும்போது கை ஒரு கணம் தயங்கும். எங்கே தப்பு செய்தேன். அவள் கதவு என்றாள். நான் அவள் வாயிலிருந்து அதைப் பிடுங்கி வேறொன்றை வைக்கப் பார்க்கிறேன். நாகமாணிக்கம் ஆட்டோவில் செய்தது இதுதானே, என் வாயில் ஒரு சொல்லை வைத்தார், உன் நன்மைக்கு என்றார். நானும் அவள் நன்மைக்கு. அவள் எட்டு வருஷம் அந்த ஆலையில் இருப்பவள், மிஷின் என்று சொன்னால் அடுத்த நாள் என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தகரக் கதவு என்கிறாள். ஆனால் நானும்தான் தெரிந்து சொன்னேன், என்ன பெரிய தெரிதல் அது. போன் அடிக்கிறது.

“வையாபுரி சார், கிஷோர் பேசறேன். உங்க சீட்டு வந்தது.” பின்னால் யாரோ இருமுகிறார்கள், வார்டிலிருந்துதான் பேசுகிறார். “சொல்லுங்க டாக்டர்.” “இந்தப் பேஷண்டுக்கு இடது நடுவிரல். நீங்க வலது ஆட்காட்டின்னு எழுதியிருக்கீங்க.” கோப்பை என் பக்கம் இழுக்கிறேன். “உங்க சீட்டுல நான் தப்பே பாத்ததில்ல சார், அதனாலதான் கேக்கறேன். யாரோட விரலைப் பத்திக் கேக்கறீங்க?” கோப்பைத் திறந்து பார்க்கிறேன். இடது நடுவிரல். காலையிலிருந்து நான்கு முறை, ஐந்து முறை படித்தேன், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கம்பியைக்கூடப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் இடம் வலம் நான் மாற்றியதில்லை, மற்றவர்கள் மாற்றினால் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பவன். “சார், இருக்கீங்களா? விபத்துப் பதிவேட்டை எடுத்துட்டேன். நீங்க கிளப்பினது, நீங்களே ஒரு தடவை மேல வந்துட்டுப் போங்க.” போனை வைக்கிறேன். சுகந்தி என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறாள். மறுபடியும் படி. இந்த முறை யாரையும் அழ வைக்கத் தோன்றவில்லை. என் விரலை அவள் கையில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன், போய்ச் சண்டை போடு என்று. அவளுடையது தப்பித்துக்கொள்ளப் பார்க்கிற இடது நடுவிரல், அதற்கு ஒரு வீடும் ஒரு கதவும் நாளை காலை வேலையும் இருக்கிறது. என்னுடையதற்கு நாகமாணிக்கத்தின் கழுத்து மட்டும்தான் வேண்டும். சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தவறுதலாக எழுதிவிட்டேன், கதவு என்றே இருக்கட்டும், பூஜ்யம் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது மாடி வருவதற்குள் அந்த வாக்கியத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், நான்கும் நன்றாகத்தான் இருந்தன.

டாக்டர் கிஷோர் கட்டிலின் கால்மாட்டில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், முப்பது வயதுகூட இருக்காது. நாகமாணிக்கம் கட்டிலுக்கு மறுபக்கம், கையில் அவளுடைய துணிப்பை, கிளம்பத் தயாராக. அவளைத் தனியே கேட்கச் சொன்னேன், தனியே விட அவருக்கு மனசில்லை போலிருக்கிறது. “டாக்டர், அந்தச் சீட்டு,” என்று ஆரம்பிக்கிறேன். அவர் பார்வை என் கைக்குப் போய்விட்டது. நான் சீட்டுக்காக நீட்டிய கை. எத்தனை நாள் இந்தக் கையிலிருந்து கோப்பு வாங்கியிருப்பார், இன்றைக்குத்தான் பார்க்கிறார். வலது, ஆட்காட்டி, நுனி இல்லை. அவர் கேலி செய்யவில்லை, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், “இது எப்படி சார்?” இரண்டாவது முறை, ஒரே நாளில். வாய் கதவை நோக்கித்தான் போனது, கத என்று நாக்கு மேலண்ணத்தைத் தொடக்கூடத் தொட்டது. கோகிலவாணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாததை அவளைச் சொல்லச் சொல்லிச் சீட்டு அனுப்பினேன், அதுதான் அப்போது தோன்றியது, வேறு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. “பிரஸ் மிஷின்ல டாக்டர். தகடு வெட்டற பிரஸ். கார்டு இல்லாம ஓட்டினேன். தொண்ணூறுல.” “எந்தக் கம்பெனி?” “இவங்க கம்பெனிதான்.” சொல்லிவிட்டேன். நாகமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமல் எப்படி இருப்பேன். அதில் ஒன்றும் இல்லை. அதே மரியாதைச் சிரிப்பு. அப்போதுதான் புரிந்தது, பிரஸ் ஷாப்பில் நாற்பது வருஷம் நின்ற காது, அது பாதிக்கு மேல் போயிருக்கிறது. காலையில் அவரே பேசிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை, அவர் கேட்டதற்கு நான் சொன்ன ஒரே பதிலும் அவர் எதிர்பார்த்த சொல்தான், கதவு. முப்பத்தைந்து வருஷம் வைத்திருந்து கடைசியில் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. “என்னங்கறாரு சார்?” என்று அவளிடம் குனிந்து கேட்கிறார். அவள் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள், “இவருக்கும் நம்ம கம்பெனிலதானுங்களாமா. பிரஸ்லயாமா.”

டாக்டரின் பேனா நின்றது. எனக்கும் கேட்டுவிட்டது. இவருக்கு என்று சொல்லியிருக்கலாம். இவருக்கும் என்றாள். “இவருக்கும்னா?” என்றார் டாக்டர் மெதுவாக. வார்டில் யாரோ டம்ளரை உருட்டிவிட்டார்கள். ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று அவள் சொல்லிவிடலாம், சொல்லிவிடம்மா என்று எனக்குள் ஒருவன் கெஞ்சினான், சொல்லாதே என்று இன்னொருவன் பல்லைக் கடித்தான், இரண்டும் நான்தான், இரண்டையும் அவள் கவனிக்கவில்லை. நாகமாணிக்கத்துக்கு இப்போது எல்லாம் காதில் விழுந்துவிட்டது. “அம்மிணி, பாத்துப் பேசு,” என்றார். அவள் தலையணை மேல் இருக்கிற கையைப் பார்த்துக்கொண்டு, “அதானுங்க டாக்டர். இவருக்கும்,” என்றாள். டாக்டர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி எழுத ஆரம்பித்தார், எந்த மிஷின், எத்தனை மணிக்கு, கார்டு இருந்ததா, அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னாள், கேட்டதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாகமாணிக்கம் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைக் கையால் தேடி உட்கார்ந்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். “பேரு என்னங்க?” “வையாபுரி,” என்றேன் சத்தமாக. யோசித்தார், உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து. “ஞாபகமில்லீங்க,” என்றார். “நெறைய பேருங்க.” கை கூப்பவில்லை, அழவில்லை, எனக்காக அவரிடம் எதுவும் இல்லை, அத்தனை விரல்களில் எதையும் அவர் வைத்திருக்கவில்லை. டாக்டர் எழுதி முடித்து அவளிடம் கையெழுத்து வாங்கினார். அவள் வலது கையால் பெயரை முழுசாக எழுதினாள், எழுதிவிட்டுப் பேனாவைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். “சார். நாளைக்கு லீவு சீட்டுக் குடுக்கக் கம்பெனிக்குப் போகோணும். என்னைய உள்ள விட மாட்டாங்க.” நன்றி சொல்கிற குரல் இல்லை, குற்றம் சொல்கிற குரலும் இல்லை, என்ன ஏற்பாடு என்று கேட்கிற குரல். “நீங்க கேட்டு வரைக்கும் கூட வரோணும்.” அந்த கேட் இருக்கிற தெரு வழியாக நான் போவதில்லை, பஸ் அந்தப் பக்கம் திரும்பினால் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடப்பேன். நாகமாணிக்கம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார், என்ன பேசுகிறோம் என்று காதில் விழவில்லை போலிருக்கிறது.

“எத்தனை மணிக்கு?” என்றேன்.

“ஏழரைக்குங்க,” என்றாள். “சைரன் ஊதறதுக்கு முந்தி.”